பேராயர் அசரியா: குருப்பட்டம் பெற்ற மூன்றே ஆண்டில் பேராயர் ஆனது எப்படி? தேதிகளை எப்படிச் சரிபார்ப்பது?

தேரிமணல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சேகரத்தின் (சில ஊர்ச் சபைகள் சேர்ந்த வட்டாரத்தின்) ஆண்டு மலருக்குப் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் வாழ்க்கையை எட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். கையில் இருப்பவை பழைய மலர்களும் இரண்டு சிறு நூல்களும். நான்கு இடங்களில் முட்டி நிற்கிறது.

முதலாவது, ‘அபிஷேகம்’ என்று ஒரு மலரில் 1909, இன்னொன்றில் 1912 என்று போட்டிருக்கிறது. எது எதற்கு உரிய ஆண்டு?

இரண்டாவது, 1909 வரை அவர் ஒய்.எம்.சி.ஏ. செயலர். 1912 முடிவதற்குள் பேராயர். நம் பக்கத்துக் கால்டுவெல் ஐயருக்கு முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்தது. பி.ஏ. தேர்வையும் முடிக்காத ஒருவருக்கு ஆங்கிலிக்கன் சபை விதிகள் இவ்வளவு விரைவாக இடம் கொடுத்தனவா?

மூன்றாவது, ‘முதல் இந்தியப் பேராயர்’ என்று தலைப்பிடலாமா?

நான்காவது, அவர் பேராயராக இருந்த டோர்னக்கல் பேராயம் (பேராயரின் ஆட்சி எல்லை) மிகச் சிறியது என்று ஒரு நூல் சொல்கிறது. நாட்டிலேயே பெரிய ஆங்கிலிக்கன் பேராயங்களில் ஒன்று என்கிறது மற்றொன்று. இரண்டும் எப்படிச் சரியாகும்?

தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். அச்சுக்குப் போனபின் திருத்த முடியாது.

---

பழைய_பதிவேடு பதில்:

தேதிகளை முதலில் பார்ப்போம். ஆங்கிலிக்கன் முறையில் மூன்று படிகள் உண்டு: உதவி குரு (டீக்கன்), குரு, பேராயர். ஒவ்வொன்றுக்கும் தனி ஆராதனை, தனி உறுதிமொழி, தனிப் பத்திரம். நம் மலர்கள் மூன்றையும் ‘அபிஷேகம்’ என்று ஒரே சொல்லால் எழுதிவிடுவதுதான் குழப்பத்துக்குக் காரணம். அசரியா உதவி குருவானதும் குருவானதும் 1909-க்குள்ளேயே. பேராயரானது 1912 டிசம்பர் 29, கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில். எனவே உங்கள் இரண்டு மலர்களுமே தவறு செய்யவில்லை. எந்தப் படி என்று சொல்லாமல் விட்டதுதான் குறை.

தேதியைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பேராயர் அபிஷேகத்தை ஞாயிற்றுக்கிழமையிலோ திருநாளிலோதான் நடத்த வேண்டும் என்று ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் வரையறுக்கிறது. ஆகவே எந்தத் தேதி கிடைத்தாலும் கிழமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1912 டிசம்பர் 29 ஞாயிறு. திருநெல்வேலி மிஷனரிகளான கால்டுவெலும் சார்ஜெண்டும் சேர்ந்து அபிஷேகம் பெற்ற 1877 மார்ச் 11 ஞாயிறு. திருநெல்வேலியின் முதல் தனிப் பேராயர் சாமுவேல் மோர்லி அபிஷேகம் பெற்ற 1896 அக்டோபர் 28 புதன்கிழமை, ஆனால் அப்போஸ்தலர் சீமோன், யூதா திருநாள். ஆப்பிரிக்காவின் சாமுவேல் கிரவுத்தருக்கு 1864 ஜூன் 29, தூய பேதுரு திருநாள். சாதாரணக் கிழமையில் விழுந்து, திருநாளும் இல்லை என்றால், அந்தத் தேதி பெரும்பாலும் பேராயர் தன் பேராயத்துக்கு வந்து ஆசனத்தில் அமர்த்தப்பட்ட நாளாகவோ அரசு அறிவிப்பு வெளியான நாளாகவோ இருக்கும். இந்த இரண்டையும் அபிஷேக நாளோடு குழப்புவதுதான் வாழ்க்கைக் குறிப்புகளில் அதிகம் நடக்கும் பிழை.

வயதையும் பாருங்கள். பழைய விதிப்படி உதவி குருவுக்கு 23, குருவுக்கு 24, பேராயருக்கு 30 நிறைந்திருக்க வேண்டும். அசரியா பிறந்தது 1874 ஆகஸ்டு 17. குருவானபோது 35, பேராயரானபோது 38. வயதில் எந்தத் தடையும் இல்லை.

உதவி குருவாக ஓராண்டு முழுதும் இருந்தபின்பே குருப்பட்டம் என்பது பொது ஏற்பாடு. ஆனால் தக்க காரணம் இருந்தால் பேராயர் அதைக் குறைக்கலாம் என்று அதே ஜெபப் புத்தகம் இடம் விடுகிறது. பதினான்கு ஆண்டு ஊழியம் செய்து முடித்த ஒருவருக்கு அந்த விலக்கைக் கொடுத்ததில் வியப்பில்லை.

குருவுக்கும் பேராயருக்கும் இடையே இத்தனை ஆண்டு என்று விதியே கிடையாது. உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சட்டப்படியான பதில் அவ்வளவுதான். கால்டுவெலுக்கு நீண்ட காலம் ஆனது விதியால் அல்ல. 1841 செப்டம்பர் 19-இல் உதவி குருவானவர் அவர். திருநெல்வேலிக்கு ஒரு பேராயர் வேண்டும் என்ற முடிவுக்கு மேலிடம் வரவே 1877 ஆகிவிட்டது. அப்போது அவருக்கு வயது 62.

பட்டப்படிப்பு: 1604-ஆம் ஆண்டு விதித் தொகுப்பில் பல்கலைக்கழகப் பட்டம் கேட்கப்பட்டது உண்மை. அதே விதியிலேயே மாற்று வழியும் உண்டு. பட்டம் இல்லாதவர் தன் விசுவாசத்தைத் திருச்சபையின் கோட்பாடுகளின்படி லத்தீனில் விளக்கத் தெரிந்தால் போதும் என்றது அது. மிஷன் நாடுகளில் லத்தீனை வற்புறுத்தவில்லை. பேராயர் நியமிக்கும் தேர்வுக் குருமார் வேதாகமம், கோட்பாடு, ஜெபப் புத்தகம் ஆகியவற்றில் சோதிப்பார்கள். திருநெல்வேலியில் அதற்கு முன்பே பட்டம் இல்லாத தமிழ்க் குருமார் எத்தனையோ பேர் இருந்தார்கள், அசரியாவின் தகப்பனார் தாமஸ் வேதநாயகம் உட்பட.

அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பி.ஏ. தேர்வு நேரத்தில் நோயுற்றதால் பட்டம் பெறவில்லை. 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. சில மலர்களில் ‘கேம்பிரிட்ஜில் பயின்றவர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.

---

கிருஷ்ணாகரை பதில்:

மேலே சொன்ன சட்ட விவரங்கள் சரி. ஆனால் விதி தடுக்கவில்லை என்பது மட்டும் அவர் ஏன் பேராயரானார் என்பதைச் சொல்லாது. மலரில் அந்த ‘ஏன்’ கட்டாயம் வர வேண்டும்.

ஆங்கிலிக்கன் முறையில் திடப்படுத்தல் ஆராதனையை, அதாவது ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் ஆராதனையை, நடத்தும் அதிகாரம் பேராயருக்கு மட்டுமே. குருவானவர் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் தலையில் கைவைத்துத் திடப்படுத்த முடியாது. திடப்படாதவருக்கு வழக்கப்படி நற்கருணை இல்லை. இதைத் தெலுங்கு நாட்டில் வைத்துப் பாருங்கள். ஒடுக்கப்பட்ட சமூகங்களான மாலா, மாதிகா மக்கள் ஊர் ஊராகச் சபையில் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம். திடப்படுத்த வேண்டிய ஒரே ஆள் சென்னையில் உட்கார்ந்திருக்கும் பேராயர். அவருடைய எல்லை தெலுங்கு மாவட்டங்களும் தமிழ் மாவட்டங்களுமாக விரிந்து கிடந்தது. பல ஆண்டுக்கு ஒருமுறைகூட ஒரு கிராமத்தை எட்டிப்பார்க்க இயலாத நிலை. குருமாரைத் தேர்ந்து அபிஷேகம் செய்வதும் அவர் கையில்தான். பேராயர் வந்து சேராவிட்டால் சபை வளர்ச்சி ஒரு கட்டத்தில் முடங்கும்.

1899 முதல் 1922 வரை சென்னைப் பேராயராக இருந்த ஹென்றி ஒயிட்ஹெட் இதைக் கண்ணால் கண்டவர். கிராமத்துக்குப் போகும் பேராயர்கள், சிறிய பேராயங்கள், இந்தியத் தலைமை என்பது அவர் கொள்கை. அசரியாவை முன்னிறுத்தியவர் அவரே. எதிர்ப்பு இருந்தது. ஓர் இந்தியரின் கீழ் ஐரோப்பிய மிஷனரிகள் எப்படி வேலை செய்வது என்று வெளிப்படையாகவே கேட்டார்கள். அவர் நாடார் சமூகத்தவர் என்பதைக் காரணம் காட்டிய முணுமுணுப்பு நம் ஆட்களிடமும் இருந்தது. மலரில் இதை மழுப்ப வேண்டாம். அந்த எதிர்ப்பின் கனம் தெரிந்தால்தான் 1912 டிசம்பர் 29-இன் மதிப்பு வாசகருக்குப் புரியும்.

ஏன் டோர்னக்கல்? அது நிஜாம் ஆட்சிப் பகுதியின் தென்கிழக்கு மூலை. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே. இன்றைய தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டம். காசிப்பேட்டை–விஜயவாடா தடத்தில் ரயில் சந்திப்பு. தொடக்க எல்லைக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் மிகக் குறைவு. ‘யாருக்குக் கீழ் யார்’ என்ற சச்சரவு எழாத இடம் பார்த்துத்தான் பேராயம் அமைந்தது. நம்முடைய சிறிய பேராயம், பெரிய பேராயம் குழப்பத்தின் முதல் பாதி இது.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. யோருபா இனத்தவரான கிரவுத்தர் 1864-இல் பேராயரானபோது அவருக்குக் கொடுத்த எல்லையும் மேற்கு ஆப்பிரிக்காவில் ராணியின் ஆட்சிக்கு வெளியே இருந்த நிலப்பரப்புதான். வெள்ளை மிஷனரிகள் இருந்த அபெயோகுட்டா நகரம் அதில் இல்லை. 1891-இல் அவர் மறைந்தபின் அந்த இடத்துக்கு ஓர் ஐரோப்பியரே வந்தார். அசரியாவுக்கு முன்னால் ஆங்கிலிக்கன் உலகம் கண்டிருந்த அனுபவம் அது. டோர்னக்கல் தோற்றிருந்தால் இந்தியருக்குப் பேராயர் பதவி என்ற பேச்சே இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப்போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கால்டுவெலோடு ஒப்பிட்டது நல்லது, ஆனால் ஒரு வேறுபாட்டைச் சேர்த்து எழுதுங்கள். 1877-இல் கால்டுவெலும் சார்ஜெண்டும் சென்னைப் பேராயர் கெல்லுக்கு உதவிப் பேராயர்கள். தனிப் பேராயம் அவர்களுக்கு இல்லை. இருவர் ஏனென்றால் திருநெல்வேலியில் இரண்டு ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கங்கள்: எஸ்.பி.ஜி. சபைகளுக்கு இடையன்குடி கால்டுவெல், சி.எம்.எஸ். சபைகளுக்குப் பாளையங்கோட்டை சார்ஜெண்ட். சார்ஜெண்ட் 1889-இலும் கால்டுவெல் 1891-இலும் மறைந்தார்கள். 1896-இல்தான் திருநெல்வேலி தனி ஆனது. கால்டுவெலை ‘திருநெல்வேலியின் முதல் பேராயர்’ என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. அன்பினால் சொல்லலாம், பட்டியலில் அப்படிப் போடக்கூடாது.

---

தேரிமணல்:

அண்ணாச்சி இருவருக்கும் மிக்க நன்றி. திடப்படுத்தல் விஷயம் எந்த நூலிலும் இவ்வளவு தெளிவாக இல்லை. ‘முதல்’ என்ற கேள்விக்கும் எண்ணிக்கைக் கேள்விக்கும் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று: 1903-இல் அவர் தொடங்கியது இந்திய மிஷனரி சங்கமா, தேசிய மிஷனரி சங்கமா? இரண்டு பெயரும் மாறி மாறி வருகின்றன.

---

பிடிஅரிசி பதில்:

இரண்டும் வேறு வேறு. இந்திய மிஷனரி சங்கம் 1903 பிப்ரவரி 12, திருநெல்வேலி ஆங்கிலிக்கன் சபை மக்களுடையது. தேசிய மிஷனரி சங்கம் 1905 டிசம்பர் 25, வங்காளத்துச் செராம்பூரில், பல சபைப் பிரிவினரும் பல மாநிலத்தாரும் சேர்ந்து தொடங்கியது. இரண்டிலும் அசரியா முன்னணியில் நின்றார். இரண்டுக்கும் பொதுவான கொள்கை மூன்று: இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம். டோர்னக்கல்லுக்கு ஆள் அனுப்பியது முதல் சங்கம்.

அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1902-இல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்கென்று ஒரு மிஷனரி சங்கம் வைத்து வெளியூருக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை இன்னும் ஆள் அனுப்பத் தொடங்கவில்லையே என்ற வருத்தம்தான் அடுத்த ஆண்டு சங்கமாக உருவெடுத்தது.

கட்டுரையின் முதுகெலும்பாக இந்த வரிசையை வைக்கச் சொல்வேன்: 1903-இல் சங்கம், 1904 வாக்கில் அந்தச் சங்கத்தின் ஊழியம் டோர்னக்கல் பக்கம், 1909-இல் செயலரே பதவியை விட்டுவிட்டு உதவி குருவாக அங்கே போகிறார், 1912-இல் அந்த ஊரே ஒரு பேராயத்தின் தலைமையிடம். பதவி கிடைத்து ஊருக்குப் போனவர் இல்லை அவர். ஊழியம் முன்னால் போயிற்று, பதவி பின்னால் வந்தது. பிரிட்டிஷ் அரசின் சம்பளப் பட்டியலில் இருந்த கல்கத்தா, சென்னை, பம்பாய்ப் பேராயர்களின் வாழ்க்கை வரிசை இதற்கு நேர் எதிர்: லண்டனில் நியமனம், கப்பல், பிறகு ஊர். 1814-இல் முதல் கல்கத்தாப் பேராயருக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு கிழக்கிந்தியக் கம்பெனிப் பணம். டோர்னக்கல் தொடங்கியது பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், நாசரேத் பக்கத்துப் பனையேறிகளும் உழவர்களும் கொடுத்த காணிக்கையில். வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைக்கும் அரிசிக் காணிக்கையை நம் பெண்கள் நன்கு அறிவார்கள்.

அங்கே போனதும் தெலுங்கு. முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு மொழியை எழுத்துக்கூட்டிக் கற்று, அதிலேயே பிரசங்கித்து, அதிலேயே நிர்வாகம் நடத்தினார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர் ஊராகப் போனார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து, ‘நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ’ என்று சொல்லச் செய்வார். எழுத்தறியாத கிராமத்தாரும் அன்றே ஊழியராகிவிட வேண்டும் என்பது அவர் முறை. கிராம உபதேசியார்களை மனைவிமாரோடு சேர்த்தே பயிற்றுவித்தார்கள். அசரியாவின் மனைவி அன்பு மரியம்மாள் பெண்கள் நடுவே செய்த பணிக்கு ஒரு முழுப் பத்தியாவது கொடுங்கள். 1898-இல் திருமணம். மலர்களில் ‘அன்னாரின் துணைவியார்’ என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள், அது பெரிய குறை.

1910 எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் ஆற்றிய உரையை எல்லாரும் எழுதுவார்கள், நீங்களும் எழுதுவீர்கள். ஜூன் மாதம், 1,200-க்கு மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. மிஷனரிகளின் தியாகத்தை மனமார ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துப் போட்டால் உருக்கமான வேண்டுகோள்போல் தெரியும். உரையின் பெரும்பகுதி நேரடியான குற்றச்சாட்டு: சம்பளம் கொடுப்பவர், சம்பளம் வாங்குபவர் என்ற உறவுதான் இங்கே இருக்கிறது, ஒரே மேசையில் உட்காரும் உறவு இல்லை என்பது. அவையில் பலருக்கு அது கசந்தது. அப்போது அவர் பேராயர் அல்லர், குருவாகி ஓராண்டுகூட ஆகாதவர். ‘பேராயர் அசரியா எடின்பரோவில் முழங்கினார்’ என்று எழுதினால் தவறு.

---

பழைய_பதிவேடு மீண்டும்:

‘முதல்’ என்ற கேள்விக்கு. ‘முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர்’ என்று எழுதுங்கள், யாரும் மறுக்க முடியாது. வெறுமனே ‘முதல் இந்தியப் பேராயர்’ என்றால் தவறு. கேரளத்துச் சிரியன் சபைகளில் இந்திய மெத்ரான்கள் (பேராயர்கள்) அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தார்கள். கத்தோலிக்கச் சிரியன் வழிபாட்டு முறையில் 1896-இலேயே மூன்று மலையாளிகள் ஆயர்களாக அபிஷேகம் பெற்றார்கள். லத்தீன் வழிபாட்டு முறையில் தூத்துக்குடிக்கு 1923-இல் வந்த திபுர்சியுஸ் ரோச் ஆண்டகை. ‘ஐரோப்பியர் அல்லாத முதல் ஆங்கிலிக்கன் பேராயர்’ என்றும் எழுத முடியாது, அந்த இடம் கிரவுத்தருக்கு.

இதைவிட அழுத்தமான உண்மை ஒன்று இருக்கிறது. 1912 முதல் 1945-இல் மறையும் வரை, தனிப் பேராயம் ஒன்றை ஆண்ட இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் அவர் ஒருவரே. இடையில் லாகூரிலும் கல்கத்தாவிலும் இந்தியர்கள் உதவிப் பேராயர்களானார்கள், தனிப் பேராயம் கிடைக்கவில்லை. திருவாங்கூர்–கொச்சிக்கு சி. கே. ஜேக்கப் வந்தது 1945-இல், அசரியா மறைந்தபின். முப்பத்திரண்டு ஆண்டு ஒரே ஒருவர்! தலைப்புக்கு இது ‘முதல்’ என்பதைவிடப் பொருத்தம் என்பேன்.

பிறந்த ஊர் வெள்ளாளன்விளை. பழைய நூல்கள் திருநெல்வேலி மாவட்டம் என்று சொல்வது அன்றைய நிலை. 1986-இல் மாவட்டம் பிரிந்தபின் அது தூத்துக்குடி மாவட்டம். ‘அன்றைய திருநெல்வேலி, இன்றைய தூத்துக்குடி மாவட்டம்’ என்று இரண்டையும் போட்டுவிடுங்கள்.

மூல ஆவணம் பார்க்க விரும்பினால், ஆங்கிலிக்கன் பேராயர்கள் முதற்பெயரோடு பேராயத்தின் பெயரைச் சேர்த்துக் கையெழுத்திடுவது மரபு. ஒயிட்ஹெட்டின் கடிதத்தில் ‘ஹென்றி மெட்ராஸ்’ என்று இருக்கும், குடும்பப் பெயர் இருக்காது. குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவர்களுக்குப் பாதிக் கடிதங்கள் அகப்படாமல் போவது இதனால்தான். பேராயத்தின் பெயரை வைத்தும் தேடுங்கள். சி.எம்.எஸ். ஆவணங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும், எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்ஃபோர்டிலும், கேன்டர்பரி பேராயர்களின் கடிதங்கள் லண்டன் லாம்பெத் அரண்மனை நூலகத்திலும் இருக்கின்றன. இங்கே பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரிக் காப்பகம் நல்ல தொடக்கம். குருமாரின் பட்ட விவரங்களுக்கு, 1858 முதல் வந்துகொண்டிருக்கும் க்ராக்ஃபோர்டு குருமார் விவரத் திரட்டைப் பாருங்கள். அதில் உதவி குருவான ஆண்டும் குருவான ஆண்டும் ஒற்றை எழுத்துச் சுருக்கத்தோடு அருகருகே வரும். நம் ஊர்க் குறிப்புகளில் அந்த இரண்டும் ஒன்றாகி விடுவது அந்தச் சுருக்கத்தைக் கவனிக்காமல் நகலெடுத்ததால்தான்.

---

கிருஷ்ணாகரை மீண்டும்:

எண்ணிக்கை. குழப்பத்தின் இரண்டாவது பாதி இதுதான். டோர்னக்கல் பேராயத்தின் எல்லை ஒரே அளவில் இருக்கவில்லை. 1912-இல் நிஜாம் பகுதியின் ஒரு மூலையும் அதை ஒட்டிய சிறு பகுதியும். பின்னர், முக்கியமாக 1920-களில், சென்னைப் பேராயத்தின் தெலுங்குப் பகுதிகள் படிப்படியாக இதனோடு இணைந்தன. மசூலிப்பட்டணம் சூழ்ந்த சி.எம்.எஸ். சபைகள், நந்தியால் சூழ்ந்த எஸ்.பி.ஜி. சபைகள் எல்லாம் உள்ளே வந்தன. ஓர் இந்தியருக்குக் கீழ் ஐரோப்பியர் வேலை செய்ய மாட்டார்கள் என்று சொன்ன அதே சங்கங்களின் மிஷனரிகள் அவர் தலைமையில் வேலை செய்தார்கள். 1912 வாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குள் கிடைத்த பதில் அது.

ஆகவே தொடக்க எண்ணிக்கை எந்த எல்லைக்கு உரியது என்று பார்க்காமல் இறுதி எண்ணிக்கையோடு ஒப்பிட்டு ‘இத்தனை மடங்கு வளர்ச்சி’ என்று எழுதிவிடக் கூடாது. சிலர் சிறிய பழைய எல்லையின் எண்ணிக்கையை எடுக்கிறார்கள். சிலர் பிற்கால எல்லைக்குள் வரும் எல்லாச் சபைகளையும் பின்னோக்கிக் கூட்டி 1912-க்கு ஓர் எண் தருகிறார்கள். இரண்டுமே கணக்குதான், அடிப்படை வேறு. 1940-களின் தொடக்கத்தில் பேராயத்து ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதை மட்டும் தயங்காமல் எழுதலாம். எல்லை விரிந்ததும் மக்கள் சேர்ந்ததும் இரண்டும் சேர்ந்த விளைவு அது என்று ஒரு வாக்கியம் போட்டுவிடுங்கள்.

பேராலயத்தை விட்டுவிடாதீர்கள். டோர்னக்கல் எப்பிபனி பேராலயம் 1939 ஜனவரி 6-இல் பிரதிஷ்டையானது. தேதியைக் கவனியுங்கள், அதுவே எப்பிபனி திருநாள் (ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்ட நினைவு நாள்). கோயில் தூண்களும் மசூதிக் குவிமாடங்களும் கலந்த கட்டடம், தூண்களில் தாமரை. கோதிக் கோபுரத்தை இறக்குமதி செய்ய அசரியா விரும்பவில்லை. 1880-இல் பிரதிஷ்டையான கால்டுவெலின் இடையன்குடி ஆலயத்தின் கூர்முனை வளைவுகளோடு பக்கத்தில் பக்கத்தில் படம் போட்டால் வாசகர் தாமே கண்டுகொள்வார்.

---

தரங்கைக்கரை பதில்:

எல்லாரும் டோர்னக்கல்லில் நின்றுவிட்டீர்கள். அவர் வாழ்வின் பாதி உழைப்பு சபை ஐக்கியத்துக்குப் போனது, அதற்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

1919 மே முதல் வாரத்தில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள், இருவர் தவிர எல்லாரும் இந்தியர்கள். ஆங்கிலிக்கன் சபையாரும் 1908-இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையாரும் ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கை அங்கிருந்து வந்தது. பேச்சு 28 ஆண்டு இழுத்தது. காரணம் முழுக்க முழுக்கப் பேராயர் பதவிதான். பேச்சுக்கு அடிப்படையாக வைத்த நான்கு அம்சங்களில் வேதாகமம், விசுவாசப் பிரமாணங்கள், இரண்டு சாக்கிரமெந்துகள் (ஞானஸ்நானம், நற்கருணை) ஆகிய மூன்றிலும் பெரிய தகராறு இல்லை. நான்காவது அம்சமான, தொன்றுதொட்டு வரும் பேராயர் ஆட்சிமுறையில்தான் முடிச்சு விழுந்தது. பேராயர் கைவைத்து அபிஷேகம் பெறாத பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் ஆயர்களை ஐக்கியமான சபையில் என்ன செய்வது? மறு அபிஷேகம் கேட்டால் அவர்கள் வரமாட்டார்கள். கேட்காவிட்டால் ஆங்கிலிக்கன் தரப்பில் ஒரு பகுதி ஒப்பாது. கடைசியில் எடுத்த வழி: இருக்கிற ஆயர்கள் எல்லாரையும் அப்படியே ஏற்பது, இனிமேல் நடக்கும் அபிஷேகம் எல்லாம் பேராயர் கையால், முப்பது ஆண்டுக்குப் பின் நிலைமையை மறுபடி பார்ப்பது. பேராயரை அரசு நியமிப்பதும் இல்லை. 1930 மார்ச் 1 முதல் இந்திய ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்துச் சபையின் சட்டப் பிணைப்பிலிருந்து விடுபட்டிருந்ததால் இப்படி ஒரு முடிவெடுக்கவே வழி பிறந்தது. அந்தத் தேதியைப் பல கட்டுரைகள் தாண்டிப்போய்விடுகின்றன.

1927-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த சபை ஐக்கிய மாநாட்டில் அசரியா மேலைநாட்டாரிடம் சொன்னதன் சாரம்: பிரிவினை உங்களுக்கு ஒரு குறை, எங்களுக்கோ பாவமும் இடறலும். தீண்டாமையிலிருந்து தப்பி வந்தவர்களை மறுபடி பிரிவு பிரிவாக நிறுத்துவது அவருக்குத் தாங்கவில்லை. 1929 முதல் இந்தியத் தேசியக் கிறிஸ்தவப் பேரவையின் தலைவராகவும் இருந்தார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனரி மாநாடு அந்தக் காலத்ததுதான்.

அரசியலில் அவரை ஒரே பக்கம் நிறுத்தி எழுதாதீர்கள். கிறிஸ்தவர்களுக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்றார். அதில் காங்கிரஸுக்கு அருகில். ஒடுக்கப்பட்டோர் கூட்டமாக மதம் மாறுவது பற்றி 1930-களில் காந்தியடிகளோடு கடுமையாக வேறுபட்டார். இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஆள் முழுதாகத் தெரிவார்.

1945 ஜனவரி 1-இல் டோர்னக்கல்லில் மறைந்தார், வயது 70. அதே ஜனவரியில் ஆங்கிலிக்கன் சபையின் பொதுப் பேரவை ஐக்கியத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. 1947 செப்டம்பர் 27-இல் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது, நடத்தியவர் மேலே சொன்ன சி. கே. ஜேக்கப். ஆகவே ‘தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர் அசரியா’ என்று எங்கேயும் எழுதக்கூடாது. அந்தச் சபையில் அவர் ஒருநாள்கூடப் பேராயராக இருக்கவில்லை.

பழைய_பதிவேடு ஐயா சொன்ன கிழமைச் சோதனைக்கு ஒரு விலக்கு: 1947-இல் அன்றே ஒன்பது புதிய பேராயர்கள் அபிஷேகம் பெற்றார்கள், அது சனிக்கிழமை. புதிய சபை பழைய ஜெபப் புத்தக விதிக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆகவே அந்தச் சோதனையை 1947-க்கு முற்பட்ட ஆங்கிலிக்கன் தேதிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

---

பழைய_பதிவேடு:

சரியான திருத்தம், ஏற்றுக்கொள்கிறேன். தேரிமணல், பக்கப் பங்கீட்டுக்கு ஒரு யோசனை: பிறப்பும் கல்வியும் ஒரு பக்கம், சங்கங்கள் இரண்டு, 1909 முதல் 1912 வரை இரண்டு, டோர்னக்கல் ஊழியம் ஒன்றரை, ஐக்கியம் ஒன்றரை. தேதிகளைத் தனிக் கட்டத்தில் போடும்போது 1909-க்கு நேரே ‘உதவி குரு, குரு’ என்றும் 1912-க்கு நேரே ‘பேராயர்’ என்றும் மட்டும் எழுதுங்கள். மெய்ப்பு முடிந்ததும் இங்கே ஏற்றினால் பார்த்துத் தருகிறோம்.